கோதுமைக்குப் பின்னால் அரைத்த அரிசி

என் மனைவிக்குக் கோதுமை ஆகாது. பிடிக்காது என்பதல்ல, ஒரு சிட்டிகை மாவு உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடும். கல்யாணமான முதல் சில வருடங்கள் காரணம் தெரியாமலே இளைத்துக்கொண்டு வந்தாள். வெளிநாட்டில் படித்துவிட்டு மதுரைக்கு வந்திருந்த ஒரு டாக்டர்தான் அதற்கு சீலியாக் என்று பெயர் சொன்னார். மருந்து கிடையாது, கோதுமையை அடியோடு விடுவதுதான் வைத்தியம் என்றார். எழுபதுகளின் நடுவில் இதை யாரிடம் சொன்னாலும் சிரித்தார்கள். "சர்க்கரை வியாதிக்காரனே அதைத்தான் திங்கிறான், ஒங்க வீட்டுல மட்டும் என்ன புதுசா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். வெளியில் சொல்வதையே விட்டுவிட்டேன்.

பரோட்டா, சேமியா, ரவை எல்லாம் வீட்டை விட்டுப் போயின. மிச்சமிருந்த ஆபத்து மாவு மில்தான். இடியாப்பத்துக்கும் புட்டுக்கும் அங்கேதான் அரைக்க வேண்டும். ரேஷனில் கோதுமை போட்ட காலம் அது. ஒரே இயந்திரத்தில் அதுவும் அரிசியும் மாறி மாறி விழும். அதனால் மனைவி ஒரு வழிமுறை வைத்திருந்தாள். வேறு யாராவது அரிசி அரைத்த பிறகுதான் எங்கள் அரிசியைப் போட வேண்டும். அப்போதும் முதலில் விழும் மாவைத் தள்ளிவிட வேண்டும். "எம்புட்டு நேரமானாலும் நில்லுங்க" என்பாள். சனிக்கிழமைகளில் நான்தான் போய் நிற்பேன்.

அன்று எனக்கு முன்னால் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பெண் ரேஷன் கோதுமையை அரைத்து முடித்தாள். மில்காரர் என் டின்னைத் தூக்கினார்.

"அண்ணே, வேற யாராவது அரிசி வச்சிருந்தா அதைப் போட்டுட்டு என்னுதைப் போடுங்க."

"எல்லாம் ஒரே கல்லுதான சார்."

அந்தப் பெண் பையின் வாயைக் கட்டியபடியே, "எங்க மாவுக்குப் பின்னாடி போட்டா சாருக்குத் தீட்டாயிரும்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பழகிப்போன குரலில் சொன்னாள்.

"மேடையில பேசுறது வேற, மாவு அரைக்கிறது வேற மாப்ள" என்று வரிசையில் ஒருவன் இன்னொருவனிடம் சொல்ல, சிரிப்பு எழுந்தது.

நான் கல்லூரி ஆசிரியன். சாதி கூடாது என்று கூட்டங்களில் பேசுகிறவன் என்று அந்தத் தெருவில் எனக்குப் பெயர் உண்டு. மனைவிக்கு உடம்பு ஆகாது என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அது தீட்டை மறைக்கச் சொல்லும் சாக்குப் போலக் கேட்கும் என்று பயந்தேன். "போடுங்கண்ணே, சும்மா போடுங்க" என்றேன். அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்ததால் முதல் மாவைக்கூடத் தள்ளவில்லை.

"அரிசிக்குப் பின்னாடிதான அரைச்சீங்க?" என்று வீட்டில் மனைவி கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

மறுநாள் காலை அந்த மாவில் இடியாப்பம். சாப்பிட்டுவிட்டுச் சோழவந்தானில் இருந்த அவளுடைய அக்கா வீட்டுக்குப் போனோம். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். அக்கா, தங்கை இரண்டு பேருக்கும் தாய் இல்லை. அக்காதான் இவளை வளர்த்தவர். தங்கைக்கென்று தனிச் சட்டியும் தனி அகப்பையும் வாங்கி, அதில் வேறு யாருக்கும் சமைக்காமல் வைத்திருந்தார். மதியம் அங்கே சாப்பிட்டுத் திரும்புகையில் பஸ்ஸிலேயே அவளுக்கு வயிறு முறுக்கிக்கொண்டது.

பிறகு ஒரு வாரம் படுக்கை. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர், நீர்மோர், மறுபடி கஞ்சி. வேறு ஒன்றும் செய்வதற்கில்லை; குடல் தானாக ஆற வேண்டும். படுத்தபடியே, வாயில் போட்டதையெல்லாம் பின்னோக்கி ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பாள். எது கெடுத்தது என்று தெரிந்தால்தான் அடுத்த தடவை தப்பிக்கலாம்.

"மில்லுல நின்னுதான அரைச்சீங்க?"

"நின்னுதான் அரைச்சேன்."

"அப்ப அக்கா வீடுதான்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் தூங்கியதும் மிச்ச மாவைச் சாக்கடையில் கொட்டினேன். கேட்டபோது, வண்டு விழுந்திருந்தது என்றேன்.

அக்கா பார்க்க வந்தார். "தனிச் சட்டியிலதாண்டி வச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். போகும்போது குரல் இறங்கிவிட்டது. "புள்ளைகளுக்குச் சப்பாத்தி தேச்ச கையோட அள்ளி வச்சுட்டேனோ என்னமோ." நான் அருகில்தான் நின்றேன்.

அதற்குப் பிறகு மனைவி அந்த வீட்டுக்குப் போனால் தன் சாப்பாட்டைக் கேரியரில் கொண்டுபோனாள். எங்கள் பக்கத்தில் பகை இருந்தால்தான் ஒரு வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தங்கச்சிக்கும் உனக்கும் என்ன சண்டை என்று அக்கம்பக்கத்தில் அக்காவிடம் கேட்டார்கள். போக்குவரத்து மெல்லக் குறைந்தது.

எண்பதுகளின் கடைசியில் அக்கா மகள் கல்யாணம். தங்கைக்காகக் கொல்லையில் புது அடுப்புப் போட்டு, புதுப் பானையில் தாமே பொங்கி இலையில் எடுத்து வந்தார். "நானே கூட நின்னேன்டி, பயப்படாமச் சாப்பிடு."

"வேணாம்க்கா, கொண்டாந்திருக்கேன்."

"நீங்களாவது சொல்லுங்க தம்பி" என்று என்னைப் பார்த்தார்.

"அவ இஷ்டம் மதினி" என்றேன்.

இலையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார். அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேரியரை எடுத்துக் கழுவி வைத்தாள். பிறகு, "என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அக்காகிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள்.

போனேன். அக்கா வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். "அன்னிக்குக் கெடுத்தது எங்க வீட்டு இடியாப்பம் மதினி. கோதுமைக்குப் பின்னாடி அரைச்சுட்டு அவகிட்டப் பொய் சொன்னேன்."

அவர் நிமிரவில்லை. "அவ சொல்லி அனுப்புனாளா?"

"அவதான் போகச் சொன்னா. ஆனா நடந்தது அதுதான்."

"என் கைத்தப்பு எனக்குத் தெரியாதா தம்பி? எனக்காக ஒரு பொய்யைத் தூக்கிட்டு இம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்க. இந்த மனசு யாருக்கு வரும்?"

மில்லைச் சொன்னேன், அந்தப் பெண்ணைச் சொன்னேன், வண்டைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டிய கதை போல ஆயிற்று. "சரி, நீங்கதான். கையக் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றார், பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி.

மனைவி அதன் பிறகு அங்கே சாப்பிட ஆரம்பித்தாள். ஆனால் அக்கா அவளுக்குப் பரிமாறியதே இல்லை. மருமகளைச் சமைக்கவும் பரிமாறவும் சொல்லிவிட்டு, எதையும் தொடாமல், தங்கை சாப்பிட்டு எழும்வரை வாசலில் நிற்பார்.