சிலுவைக்கு அளவெடுத்தவர்

தெருவில் அந்தத் தையல்காரருக்குக் குண்டூசி என்றுதான் பேர். வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். அதை எடுத்துவிட்டுப் பேசினால் வார்த்தை அதைவிடக் கூர்மையாக வரும். அளவு கொடுக்க வந்தவர் கொஞ்சம் அசைந்தால் போச்சு. “ஆடாம நில்லுங்க! கையை இறக்குங்க!” என்று வள்ளென்று விழுவார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வீட்டில் கறி கிடையாது என்பதால் கோபம் இன்னும் ஒரு படி ஏறும்.

அந்த வருடம், தவக்காலக் கடைசியில் கோயிலில் இயேசு சிலுவையில் தொங்கும் பெரிய பாடுபட்ட சுரூபத்தை மூடிவைக்கும் ஊதாத் துணியை எலி குதறிவிட்டது. புதிது தைக்க இவரைக் கூப்பிட்டார்கள். “மூடத்தானே போறாங்க, கண்ணளவு போதாதா?” என்று முனகியவரை மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள். அவள் ஏணியைப் பிடித்துக்கொள்ள, இவர் ஏறினார்.

இத்தனை காலம் கடைசி வரிசையிலிருந்து அரைக்கண்ணால் பார்த்த முகம், இப்போது மூச்சுப் படும் தூரத்தில் இருந்தது. தோளை அளந்தார். மார்புக்கு நாடாவைக் கொண்டுபோனபோது பழக்கதோஷத்தில் வாய் சொல்லிவிட்டது:

“கையைக் கொஞ்சம் இறக்குங்க சார்.”

கீழே மனைவி களுக்கென்று சிரித்தாள். அவர் பார்வை அந்தக் கையோடு நகர்ந்து ஆணி வரைக்கும் போய், அங்கேயே நின்றுவிட்டது.

“என்னங்க, அளவு எவ்வளவு?”

அவள் இதுவரை கேட்டே இராத மெல்லிய குரலில் பதில் வந்தது.

“இறக்க மாட்டேங்குறாருடி.”