குருவிநத்தம் கிணற்றடியில் பதிவான காலடி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். படித்தது இயற்பியல். நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி, நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

விண்வெளியில் எங்கோ கருந்துளைகள் மோதும்போது வருகிற ஈர்ப்பலைகளைப் பிடிக்க, பூமிக்கு அடியில் கருவி வைக்கிற திட்டங்கள் உண்டு. அதற்கு நிலம் ரொம்ப அமைதியாக இருக்கவேண்டும். எந்த நிலம் எவ்வளவு அதிர்கிறது என்று அளப்பதுதான் எங்கள் குழுவின் வேலை. மலைப்பாறைக்குப் போகுமுன் ஆற்று மண்ணில் கருவிகளைச் சோதித்துப் பார்க்க, குருவிநத்தத்தில் ஒரு பாழுங்கிணற்றைப் பிடித்தோம். கருவி வைத்த அன்று பந்த், பஸ் இல்லை, லாரி இல்லை, எங்களுக்கு அதுதான் வசதி.

வேப்பமரத்தடியில் ஒரு கருவி, நான் இருந்த மோட்டார் கொட்டகைப் பக்கம் ஒன்று, வற்றிய கிணற்றுக்குள் இறக்கியது ஒன்று. நிலத்துக்காரி பச்சையம்மா பார்த்துவிட்டு, "இன்னாமா, பூமிக்கு நாடி புடிக்கிறியா?" என்று சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் டெக்னீஷியன் சேவியர் அண்ணன், வில்லியனூர்க்காரர், சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் துண்டை முகத்தில் போட்டுப் படுத்தார்.

நல்ல மத்தியானம். லேப்டாப்பில் தூரத்துக் கடல் அலை நிலத்தில் எழுப்பும் மெல்லிய அதிர்வு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று திரையில் காலடி அதிர்வுகள். மரத்தடிக் கருவியில் முதலில் பலமாக, அப்புறம் அங்கே தேய்ந்து கிணற்றுக் கருவியில் கூடிக்கொண்டே வந்தது. யாரோ மரத்திலிருந்து கிணற்றுக்கு நடக்கிறார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சேவியர் அண்ணன் படுத்தபடியே இருந்தார். நிலத்தில் ஒருவரும் இல்லை. திரையில் அந்த நடை பாதி வழியில் கொஞ்சம் நின்றது, மறுபடி நடந்தது, அப்புறம் மூன்று கருவிகளின் கோடுகளும் எகிறும்படி ஒரு பெரிய அதிர்வு.

கொட்டகை வாசலுக்கு வந்து, "அண்ணா, இப்ப யாராச்சும் நடந்தாங்களா?" என்று கத்தினேன்.

"ஈ காக்கா கூட இல்ல பாப்பா. ஒயரு லூசாயிருக்கும், இரு பாக்குறேன்," என்று எழுந்து கிணற்றுப் பக்கம் நடந்தார்.

பாதி வழியில் நின்றார். காலில் தைத்த நெருஞ்சி முள்ளைப் பிடுங்கிப் போட்டார். மறுபடி நடந்தார்.

திரையில் பார்த்த அதே நடை, அதே இடத்தில் அதே நிற்றல். "அண்ணா, போவாதீங்க! நில்லுங்கண்ணா!" என்று அடித்தொண்டையில் கத்தினேன்.

நின்று திரும்பினார். "இன்னாத்துக்கு இப்டி கத்துற?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்த கிணற்றுச் சுவரும் மண்ணும் மொத்தமாக உள்ளே சரிந்தன. புழுதி அடங்கியபோது அவர் காலுக்கு ஒரு முழம் தள்ளி வெறும் பள்ளம். அப்படியே தரையில் உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டார்.

கிணற்றுக் கருவி மண்ணுக்குள் போய்விட்டது, ஆனால் பதிவு லேப்டாப்பில் இருந்தது. சாயங்காலம் இருவருமாக அதை முழுசாக ஓட்டிப் பார்த்தோம். நான் வாசலில் நின்று அவரிடம் பேசிக்கொண்டிருந்த நேரத்திலும், அந்த முதல் அதிர்வுக்குப் பிறகு, பதிவு நிற்காமல் ஓடியிருக்கிறது. கொட்டகையிலிருந்து யாரோ கிணற்றை நோக்கி ஓடுகிற காலடிகள். ஒன்று அழுத்தமாக, அடுத்தது லேசாக, மாறி மாறி. ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததிலிருந்து எனக்கு வலது காலை அழுத்தி ஊன்ற வராது.

சேவியர் அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இது நீதான பாப்பா," என்றார்.

நான் ஓடவில்லை. வாசலை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை, அவரே சாட்சி. எங்கள் மேலதிகாரி அந்தப் பகுதியைக் கருவிக் கோளாறு என்று ஒதுக்கிவிட்டார், இருக்கலாம். ஆனால் அந்த ஓட்டம் கிணற்றுவரை போகிறது. அங்கே இன்னொரு சரிவின் அதிர்வு, முதலாவதைவிடக் கொஞ்சம் சின்னது. அதற்கப்புறம், அண்ணன் நிஜமாக எழுந்து நடக்கிறவரை, கடல் மட்டும்தான்.