பழைய கம்ப்யூட்டர் மேல் போட்ட பழி

சென்ற வியாழக்கிழமை காலை என் அச்சகத்தின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன், போன் அடித்தது. சவரிமுத்து அண்ணனின் மகள் ஸ்டெல்லா. "சித்தப்பா, அப்பா போய்ட்டாருங்க" என்றாள். ஷட்டரை மறுபடி இறக்கிவிட்டு, பூட்டக்கூட மறந்து கிளம்பிவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கள்ளக்குறிச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரிஷிவந்தியம் பக்கத்துக் கூலிக் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் ரத்ததானக் குழுவைத் தொடங்கியவரும் அவர்தான். அவசரத்துக்கு ரத்தம் வேண்டுமென்றால் சேலத்துக்கோ விழுப்புரத்துக்கோ ஓடவேண்டியிருந்த காலத்தில், இந்த ஊரிலேயே யார் உடம்பில் எந்த வகை ஓடுகிறது என்று தெரிந்து வைத்திருந்த ஒரே மனிதர்.

வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். குழுவின் பழைய ஆட்கள் மூன்று பேர் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர், "மனுசன் எல்லாத்துலயும் கெட்டிக்காரரு. அந்தப் பழைய கம்ப்யூட்டர வாங்கினு வந்தாரு பாரு, அதுலதான் சறுக்கிட்டாரு. ஒரு உசுரே போச்சு" என்றார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாகத் திறக்காத வாய் அது. பிணத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டும் அது திறக்கவில்லை என்றால் நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குழு தொடங்கிய முதல் வருஷம் அண்ணன் என்னைக் கல்வராயன் மலைக்கு அழைத்துப் போனார். வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். ரத்த வகை பார்க்கவேண்டும், விரலில் ஒரு சொட்டு போதும் என்றதும் ஊரே வீட்டுக்குள் போய்விட்டது. அண்ணன் வாதாடவில்லை. ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து தன் விரலில் ஊசியைக் குத்திக் காட்டினார். யாரும் வரவில்லை. அடுத்த விரலில் குத்தினார். நான்காவது விரலில் ஒரு பெரியவர் வந்து, "உடுங்க சாமி, உங்க கைதான் புண்ணாவுது" என்று தன் கையை நீட்டினார். திரும்பி வரும்போது நான் கேலி செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "அஞ்சாவது வெரல் மிச்சம் இருந்திச்சி ஏகாம்பரம், நீ ஏன் பயந்த?" என்றார்.

பெயர்கள் சேரச் சேர நோட்டுப் புத்தகம் போதவில்லை. விண்ணப்பம் அடித்துத் தா என்று என்னிடம் கேட்டார். என் அச்சகத்தில் அப்போது பள்ளிக்கூடச் சேர்க்கை விண்ணப்பத்துக்குக் கோத்த ஈய அச்செழுத்து, கலைக்காமல் அப்படியே கட்டிக் கிடந்தது. புதிதாகக் கோக்கச் சோம்பல். 'மாணவர் பெயர்' இருந்த இடத்தில் 'கொடையாளர் பெயர்' வைத்தேன். கடைசியில் ரத்த வகைக்கு ஒரு கட்டம் சேர்த்தேன். தகப்பனார் பெயர், வயது, சாதி, ஊர், தெரு எல்லாம் இருந்தபடியே இருந்தன. எந்த விண்ணப்பத்தில்தான் சாதி இல்லை? எனக்கு அது உறுத்தவே இல்லை. பூர்த்தி செய்தவர்களில் ஒருவருக்கும் உறுத்தவில்லை.

பிறகுதான் கம்ப்யூட்டர் வந்தது. வெளிநாட்டில் இருந்த நம்மூர்க்காரர் ஒருவர், குழுவுக்கு ஒன்று வாங்கித் தருகிறேன், எது வேண்டுமோ நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று எழுதியிருந்தார். அண்ணனும் நானும் சென்னைக்குப் போனோம். கடையில் இரண்டைக் காட்டினார்கள். ஒன்று சில வருஷமாக ஆபீஸ்களில் ஓடிக்கொண்டிருந்த பழைய மாடல். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. அதற்குள் எதுவும் தங்காது. பட்டியலை பிளாப்பி என்கிற மெல்லிய சதுரத் தகட்டில்தான் பதிந்து வைக்கவேண்டும். மற்றது அந்த மாதம்தான் வெளிவந்த புது மாடல். கலர் திரை. பட்டியல் முழுவதும் பெட்டிக்கு உள்ளேயே பத்திரமாக இருக்கும். நான் அந்தக் கலரைப் பார்த்ததும் விழுந்துவிட்டேன்.

அண்ணன் விற்பனையாளரிடம், "இது நின்னுபோனா யாரு சார் வருவாங்க?" என்று கேட்டார்.

"மெட்ராஸ்ல இருந்துதான் ஆள் வரணும்."

"ரோட்ட மறிச்சிட்டா?"

அந்த ஆளுக்குப் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் போராட்டம் சூடுபிடித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எப்போது பஸ் நிற்கும், எப்போது ஓடும் என்று யாருக்கும் தெரியாது. பழைய மாடலுக்கு விழுப்புரத்திலேயே பழுது பார்ப்பவர் இருந்தார். அண்ணன் அதோடும் விடவில்லை. பழைய மாடல் வைத்திருந்த ஒரு ஆபீஸைத் தேடிப் போய், அதை இயக்குகிறவர் பக்கத்தில் அரைநாள் உட்கார்ந்து, "எத்தினி தபா நின்னுச்சி? ஓல்டேஜ் கம்மியானா இன்னா ஆவுது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் வெளியே கரும்புச்சாறு குடித்துக்கொண்டு எரிச்சலில் நின்றேன்.

"புதுசுல எல்லாம் உள்ளயே இருக்கும்ணா. தகடு தொலஞ்சா இன்னா பண்ணுவீங்க?" என்று பஸ்ஸில் சண்டை போட்டேன்.

"ஒரு மழக்காலம்கூட பாக்காத மிசின நம்பி உசுர எழுதி வெக்கக்கூடாது" என்றார். "இது என் சாப்பாட்டுப் பையில வூட்டுக்கு வரும். பட்டியல் நம்ம கையில இருக்கணும்." அவர் சொன்னதே முடிவாயிற்று.

பழையது வந்து, எங்கள் குழுவுக்கு இடம் கொடுத்திருந்த டாக்டர் அம்மாவின் ஆஸ்பத்திரியில் ஒரு பக்கத்து அறையில் உட்கார்ந்தது. தொடக்க விழாவுக்கு நோட்டீஸ் அடித்தவன் நான். 'பொத்தானைத் தட்டினால் ஊர்வாரியாக, வயதுவாரியாக, சாதிவாரியாகப் பிரித்துத் தரும்' என்று கொட்டை எழுத்தில் போட்டேன். எனக்கு அவ்வளவு பெருமை.

அந்த நோட்டீஸை யார் யார் படித்தார்கள் என்பது சில மாதம் கழித்துத் தெரிந்தது. போராட்டக்காரர்கள் சாலையெங்கும் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். போலீஸ்காரர்கள் ஊர் ஊராக இளைஞர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு மதிய வேளையில் ஆஸ்பத்திரி வாசலில் ஜீப் வந்து நின்றது. இறங்கிய இரண்டு பேரும் காக்கியில் இருந்தார்கள், எங்கிருந்து வருகிறோம் என்று சொல்லவில்லை. "ரத்தம் குடுக்கற பசங்க லிஸ்ட்டு இருக்குதாமே. சாதியோட, ஊரோட எடுத்து வைங்க. நாலு மணிக்கு வரோம்" என்றார்கள். பதினெட்டிலிருந்து முப்பது வயது வரை, ஊரும் தெருவும் சாதியும் போட்டு, ஆள் பிடிக்க அதைவிட வசதியான பட்டியல் உலகத்தில் கிடையாது. அதை நாங்களே அச்சடித்து, நாங்களே நிரப்பி வைத்திருந்தோம்.

"சாதிய மட்டும் எடுத்துடலாம்ணா" என்றேன்.

"தெருப் பேரு இருக்குதே. நம்மூர்ல தெருவச் சொன்னா சாதி தெரியாதா?"

"தகட்ட வூட்டுக்கு எடுத்துக்கினு போயிடுங்க."

"வூட்டத் தேடுவாங்க. நம்மள நம்பி கை நீட்டின பசங்க ஏகாம்பரம். குடுக்கறதுக்கு இல்ல."

பட்டியல் தகட்டையும் அதன் நகலையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செருகினார். அழித்துவிடவா என்று திரையில் ஆங்கிலத்தில் கேட்டது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் ஒரு எழுத்தைத் தட்டினார். பழைய நோட்டையும் எழுதி வாங்கிய விண்ணப்பங்களையும் ஆஸ்பத்திரியின் வெந்நீர் அடுப்பில் போட்டோம். அரிய வகைக்காரர்களின் பெயரையாவது ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளலாமே என்று எனக்குத் தோன்றியது. கேட்டேன். "அவங்க என் மண்டையில இருக்காங்க" என்றார். இருந்தார்கள்தான். ஊர் டெலிபோன் நம்பர் எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருந்தவர் அவர்.

நாலு மணிக்கு வந்தவர்களிடம், "பழைய மிசினுங்க, தகடு கெட்டுப்போச்சி" என்றார். அவர்கள் நம்பவில்லை. அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் மறுநாள் மாலை வரை உட்கார வைத்திருந்தார்கள். அங்கே என்ன நடந்தது என்று அவர் சாகும்வரை சொல்லவில்லை. பட்டியலை அழித்ததால் எந்தப் பையனாவது தப்பித்தானா என்பதும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

பட்டியலை அழித்த ஆறாம் நாள் காலை, மலையிலிருந்து ராமாயி என்ற பெண்ணைத் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். குழந்தை பிறந்து இறந்திருந்தது, ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் அம்மா வகை பார்த்தார்கள். ஓ நெகட்டிவ். அதற்கு அதே வகை ரத்தம் மட்டும்தான் ஏற்றமுடியும். மரங்கள் கிடந்த சாலையில் எந்த வண்டியும் சேலம் போகாது.

அண்ணன் எக்ஸ்சேஞ்சுக்கு ஓடினார். அந்த வகையில் இரண்டு பேர் அவர் நினைவில் இருந்தார்கள். ரிஷிவந்தியத்து வாத்தியார் தன் மாமியார் ஊருக்குப் போயிருந்தார். சின்னசேலத்துக் கடைக்காரர் போனில் கிடைத்தார். சைக்கிளில் உடனே கிளம்பினார், பாதி வழியில் மறியல்காரர்கள் கல்லெறிந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். "இன்னொரு ஆள் இருந்தாரு, இன்னொரு ஆள் இருந்தாரு" என்று அண்ணன் வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு நடந்தார். பெயர் வரவில்லை. அந்த அறையில் கம்ப்யூட்டர் ஒரு கோளாறும் இல்லாமல் ஓடியது, அதற்குள் போடப் பட்டியல் பதிந்த ஒரு தகடு இல்லை. ராமாயி பதினோரு மணிக்கு இறந்துபோனாள். அவள் கணவன் அண்ணாமலை யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நான்கு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்கு ஒருவர் வந்தார். மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் மாரி. வீடு கருணாபுரத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து பத்து நிமிட நடை. துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணனிடம் சொன்னார்: "மலக்காரப் பொண்ணு ரத்தம் இல்லாம பூட்ச்சாமே. எனக்கும் அந்த குரூப்புதானேண்ணா? சொல்லி அனுப்பிச்சிருந்தா ஓடியாந்திருப்பனே. அன்னிக்கி வேல இல்ல. வூட்லதான் குந்திக்கினு இருந்தேன்."

அண்ணன் அப்படியே சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

குழு கூடியது. பழைய பெட்டியை வாங்கியதால் வந்த வினை, புதுசு வாங்கியிருந்தால் பட்டியல் உள்ளேயே இருந்திருக்கும் என்று எல்லோரும் பேசினார்கள். உண்மையைச் சொன்னால் பட்டியலை வேண்டுமென்றே அழித்த விஷயம் வெளியே போகும், நோட்டீஸ் போட்ட நானும் மாட்டுவேன். அண்ணன் எழுந்து, "ஆமாங்க, பழசு. நான்தான் புடிவாதம் புடிச்சேன். என் தப்பு" என்றார். செயலாளர் என்ற முறையில் அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதியவனும் நான்தான். போராட்டம் அடங்கி, பயப்பட ஒன்றும் இல்லை என்று ஆன பிறகும் அந்த வரியை நான் திருத்தவில்லை. அடுத்த வருஷம் புது மாடல் வந்தது. அண்ணன் அதைத் தொட்டதே இல்லை.

புதிய விண்ணப்பத்துக்கு எழுத்துக் கோக்கும்போது மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றார். பெயர், ரத்த வகை, எங்கே கூப்பிடவேண்டும். அதற்குமேல் ஒரு கட்டமும் வைக்கவிடவில்லை.

பல வருஷம் கழித்து ஒருநாள் என்னிடம் சொன்னார்: "எனக்கு ஏன் மாரி பேரு வரலன்னு யோசிச்சிக்கினே இருந்தேன். நான் ஆளுங்கள நம்பரோடதான் ஞாபகம் வெச்சிருந்தேன். மாரி வூட்ல போன் இல்ல. போன் இருக்கறவன் மட்டும்தான் என் மண்டையில இருந்திருக்கான் ஏகாம்பரம். அது மிசின் பாவம் இல்ல."

"சாதிக் கட்டத்தப் போட்டது நான்ணா" என்றேன், தைரியத்தை வரவழைத்துக்கொண்டு.

"நாமன்னு சொல்லு" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை வருஷம் ஒளிந்திருந்தேன்.

ராமாயி இறந்த வாரத்திலிருந்து, ஞாயிறு பூசை முடிந்ததும் அண்ணன் கருணாபுரத்துக்கு நடந்தார். மாரி வீட்டு வாசலில் நின்று, "மாரி, இருக்கியா?" என்பார். "இருக்கேன்ணா" என்று உள்ளிருந்து குரல் வரும். அவ்வளவுதான். அடுத்த வீடு, அடுத்த தெரு என்று போன் இல்லாதவர்களை எல்லாம் பார்த்துவிட்டு மதியம் வீடு திரும்புவார். எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகும் அவர் நடை நிற்கவில்லை. கால் விழுந்துபோன கடைசி வருஷம்தான் நின்றது. போன மாதம் பார்க்கப் போனேன். என் பெயர் அவருக்கு வரவில்லை. "கருணாபுரத்துக்கு யாரு போனீங்க இன்னிக்கி?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

அண்ணா, பட்டியல் தானாகக் கெடவில்லை. அந்தப் பெட்டி ஒரு நாளும் ஏமாற்றவில்லை. நம்பி வந்த பிள்ளைகளுக்காக நீங்கள் அழித்தீர்கள், அழிக்கவேண்டிய நிலையை உண்டாக்கியவன் நான். ராமாயிக்கும் இதில் நான் பதில் சொல்லவேண்டும். உங்கள் காதில் விழும்போதே சொல்லியிருக்கவேண்டியதை இப்போது ஊர் கேட்கச் சொல்கிறேன், மன்னிக்கவேண்டாம்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டு நகர்ந்தார்கள். கடைசியாக மாரி வந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார், குனிய முடியவில்லை, ஸ்டெல்லா கையைப் பிடித்துக்கொண்டாள். மண்ணைப் போட்டுவிட்டு அவர் நகரவில்லை. குழிக்குள் பார்த்து, வழக்கமான குரலில், "இருக்கேன்ணா" என்றார்.