பகவதி அக்காவும் என் மதிய ஊசியும்

எங்கள் வலியசாலைத் தெருமுனை லேபில் பகவதி அக்காவிடம் ரத்தம் கொடுத்தவர்களே, இது உங்களுக்கு மட்டும். தயவுசெய்து வேறு யாருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அம்மாவுக்கு.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு வந்ததும் அம்மா சொன்னாள்: "லேப் பகவதி போயிட்டா மக்ளே. டயாலிசிஸுக்குப் போன எடத்துல." அக்காவுக்கு நாற்பது வயதுகூட இல்லை. என்னைப் போலவே சின்ன வயதில் சர்க்கரை வந்தவள். அன்றிலிருந்து எனக்குப் பயம், தூக்கமில்லை.

டெஸ்டுக்கு முன்னால் நாம் எல்லோரும் செய்வதை நானும் செய்வேன்: இரண்டு நாள் வாயைக் கட்டுவது. போன முறை வெறும்வயிற்றுச் சர்க்கரை அழகாக வந்தது. மூன்று மாதச் சராசரி காட்டிக்கொடுத்துவிட்டது.

"ரெண்டு நாள் பட்டினி கெடந்தா ரத்தம் மறந்துருமா? மூணு மாசக் கதையும் அதுல கெடக்கு, கேட்டியா" என்றாள் அக்கா.

அழுதுகொண்டே ஒப்புக்கொண்டேன். மற்ற பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று பள்ளியில் மதிய இன்சுலினை விட்டுவந்தேன். சர்க்கரை கூடினால் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் வரும், அது கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று போனில் படித்திருந்தேன். அதைத் தடுக்க ஆன்டிஆக்ஸிடன்ட் காப்ஸ்யூல் போதும் என்று நம்பினேன்.

அக்கா திட்டவில்லை. சிரித்தாள். "அடி பாவி, நான் செஞ்ச மண்டத்தரத்தையே நீயும் செய்யுகியா?"

கல்யாணப் பேச்சு நடந்த வருடம், மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்று அவளும் இதே முட்டாள்தனமாக ஊசியை விட்டாளாம். காப்ஸ்யூலை நம்பினாளாம்.

"அடுப்புல வெறக அளவு மீறித் திணிச்சா பொறி பறக்கும்லா? சர்க்கரை கூடினா ஒடம்புக்குள்ளயும் அப்படித்தான். மெல்லிசு ரத்தக்குழாய்தான் மொதல்ல கருகும். நான் பொறியத் தொரத்திட்டே இருந்தேன். வெறக இழுக்கல்ல."

"ஒங்களுக்கு வந்தது எனக்கும் வருமா அக்கா?"

"ஏன் வரணும்? ஒங்கண்ணு, கிட்னி, காலு எல்லாம் இப்பம் நல்லாருக்கு. இனி ஊசிய விடாத. அம்மைகிட்ட ஒன் வாயால சொல்லு."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

டயாலிசிஸ் முடிந்த மறுநாளே லேபுக்கு வந்து, நம் கையைத் தடவி, "நரம்பு எங்க, லீவுல போயிருக்கா?" என்று கேட்பாளே, அந்தக் குரல் உங்களுக்கும் நினைவிருக்கும். நான் வைத்துக்கொள்வது அவள் சிரிப்பை. தன் பெரிய தவற்றை ஒரு சிறுமியிடம் ஒளிக்காமல் சொன்ன சிரிப்பு அது.

மூன்று நாளாக வகுப்பில் என் பெஞ்சிலேயே ஊசி போட்டுக்கொள்கிறேன். பக்கத்திலிருந்த அனகா, "வேதனையுண்டோ?" என்று மட்டும் மலையாளத்தில் கேட்டாள். "கொறச்சு" என்றேன், கொஞ்சம் என்று. அவள் சாப்பிடத் தொடங்கிவிட்டாள். இத்தனை மாதம் நான் பயந்தது இதற்குத்தான். மாலைச் சர்க்கரையும் இறங்கி வருகிறது. இனி அம்மாவிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி. நாளைக்கு, நாளைக்கு என்று

கதவைத் தட்டுகிறார்கள். "மக்ளே, இன்னும் ஒறங்கல்லியா?" அம்மாதான். இப்போதே சொல்லிவிடுகிறேன். நோட்டை மூடவில்லை, எழுந்து கதவைத்