பார்க்கிங்கில் பிரச்சினை இல்லை

லண்டன் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு விளம்பரம் எழுதுவது என் உபதொழில். நகைக்கடை என்றால் 'ஈடிணையற்ற', சேலைக்கடை என்றால் 'கண்ணைப் பறிக்கும்', கல்யாண மண்டபம் என்றால் இரண்டும். ஒரு கைப்பிடி அடைமொழிகளை வைத்துக்கொண்டு ஒரு சமூகத்தையே சமாளித்து வந்தேன்.

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் நண்பர் ஒருவர் பழைய கார் விற்றார். ஜெர்மனியில் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர். அங்கே பழகிய தோஷம், சின்னக் கார்களாக வாங்கி அடுக்கிவிட்டார். நம்மவர்களோ ஏழு பேர் ஏறும் வண்டியில் தனியாகப் போகிறவர்கள். ஒன்றும் அசையவில்லை. மாதக் கடைசிக்குள் விற்காவிட்டால் இடத்தை விட்டுவிட்டு, பக்கத்து ஊரான ஃபாரஸ்ட் கேட்டில் தன் மனைவியின் தமையன் நடத்தும் பலசரக்குக் கடையில் வெங்காய மூட்டை தூக்க வேண்டும். தமையன் இவருக்கென்று இடுப்பில் கட்டும் ஏப்ரனே வாங்கி வைத்துவிட்டார்.

"மச்சானிட்டைச் சம்பளம் வாங்குறதை விட ஜெர்மனிக்கே நடந்து போவன்," என்றார் நண்பர். "உங்கட அந்த ஈடிணையற்றதைப் போட்டு நல்லா ஒண்டு எழுதுங்கோ அண்ணை."

என் போதாத காலம், நூலகத்தில் எடுத்த ஒரு தடித்த புத்தகம் அப்போது தலைக்கேறியிருந்தது. போன நூற்றாண்டில் அமெரிக்காவில் ஒரு குட்டி ஜெர்மன் காரை விற்ற கதை. மற்றவர்கள் கப்பல் மாதிரிக் கார்களைப் பக்கம் முழுக்க நீட்டி, பக்கத்தில் சிரிக்கும் குடும்பத்தையும் நிறுத்திவைத்தார்கள். இவர்கள் பக்கத்தை வெள்ளையாக விட்டு, காரைப் பொட்டு மாதிரி வைத்து, ஓம், சின்னதுதான் என்று சிரித்தபடி ஒப்புக்கொண்டார்கள். கார் விலைபோனது. விளம்பரத் தொழிலும் கத்துவதைக் குறைத்துக்கொண்டு, வாசிப்பவருக்கும் மூளை இருக்கக்கூடும் என்று சந்தேகிக்கத் தொடங்கியது.

நானும் அரைப்பக்கத்தை வெறுமையாக விட்டேன். மூலையில் ஒரு கார். கீழே: 'சின்னக் கார். பார்க்கிங்கில் பிரச்சினை இல்லை.'

நண்பர் பார்த்தார். "மிச்சத்தை எப்ப எழுதுவியள் அண்ணை?"

பத்திரிகை வந்த அன்று அவருடைய போன் ஓயவில்லை.

"பார்க்கிங்கில பிரச்சினை இல்லை, சரி. ஈஸ்ட் ஹாமில பிரச்சினை வருமோ?"

"நான் மோர்டனில இருக்கிறன். இங்கை ஓடாதோ?"

நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம் என்றுதான் எழுதினேன். ஊருக்கும் கார் நிறுத்துவதற்கும் தமிழில் ஒரே எழுத்து என்பது அரைப்பக்கம் வெறுமையாக விட்ட மேதைக்குத் தோன்றவில்லை. ஊர் எல்லையைத் தாண்டினால் நின்றுவிடும் கார் என்று லண்டன் முழுக்கச் செய்தி போயிருந்தது.

நான் ஒளிய இடம் தேடினேன். நண்பரோ நிதானமாக, "மோர்டனிலயும் ஓடும். நம்பிக்கை இல்லாட்டி வந்து ஓட்டிப் பாருங்கோ," என்று சொல்லிக்கொண்டிருந்தார். வந்தார்கள். சிரிக்க வந்தவர்கள் ஏறி உட்கார்ந்தார்கள். ஒரு அக்கா தன் நெருக்கமான தெருவுக்கே ஓட்டிப்போய், இரண்டு வண்டிகளுக்கு நடுவில் செருகிவிட்டு, இறங்காமலே விலை கேட்டார்.

நகைக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, எனக்கும் வெறும் பக்கம் வேணும். ஏதாவது ஒரு பிழையும் விடுங்கோ." என் அடைமொழிகள் வேலையிழந்தன.

மாதக் கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு கார். அன்று பார்த்து மச்சான் வந்தார், கையில் ஏப்ரனோடு. அகலமான மனிதர். காரை ஒருமுறை சுற்றி வந்தார்.

"இது ஃபாரஸ்ட் கேட்டில பிரச்சினை குடுக்காதோ?"

"பிரச்சினை உள்ளுக்கை ஏறாட்டிக் குடுக்காது, மச்சான்."

மச்சான் முறைத்தார், பிறகு அவரே விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு ஏறினார். கார் ஒரு பெருமூச்சு விட்டது. "கடைக்குப் பின்னால நிப்பாட்ட இது காணும்," என்று காசை எண்ணிக் கொடுத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனார்.

ஏப்ரனை விட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்து வாங்கி வைத்த சின்னக் கார்களுக்கு நண்பர் இப்போது அதைக்கொண்டுதான் கண்ணாடி துடைக்கிறார்.