ஐந்தாம் நாள் என்று நான்தான் சொன்னேன்

என் தங்கை கருத்தடை மாத்திரையை எப்போது ஆரம்பிக்க வேண்டும் என்று சொன்னவள் நான்தான். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் தினசரி காலண்டர் தாள்களுக்குப் பிழை பார்க்கிறவள். ராகு காலம் மாறி விழுந்திருக்கிறதா, அமாவாசை ஒரு நாள் தள்ளிப் போயிருக்கிறதா, வளர்பிறை முகூர்த்தத்தைத் தேய்பிறை என்று அடித்துவிட்டார்களா என்று பார்ப்பதுதான் பதினோரு வருடமாக என் பிழைப்பு. உறவுக்குள் யார் எந்தத் தாளை நீட்டினாலும் வாசித்து விளக்கம் சொல்வேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

தங்கையைத் தாயில்பட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குத் திரி வைக்கிறாள். முதல் பிள்ளை ஆபரேஷன் செய்துதான் பிறந்தது. ரத்தம் நிற்காமல் போய், எங்கள் எல்லோரையும் அழவைத்துவிட்டு மறுநாள்தான் கண் விழித்தாள். "மூணு வருஷத்துக்கு அடுத்த பிள்ளைங்கிற பேச்சே இருக்கக் கூடாது. கர்ப்பப்பை தாங்காது" என்று டாக்டரம்மா என்னிடம்தான் சொன்னார். தங்கை அப்போது மயக்கத்தில் இருந்தாள்.

காப்பர்-டி என்றால் அவளுக்குப் பயம். பிள்ளைக்கு ஏழு மாதம் ஆனபோது கிராமத்துக்கு வரும் நர்சம்மா ஒரு மாத்திரை அட்டை கொடுத்திருக்கிறார். கூட்டத்தில் அவசரமாகச் சொன்னது பாதி காதில் விழவில்லை என்று, அன்று மாலையே தங்கை எனக்கு போன் செய்தாள்.

"ஏக்கா, இதை என்னைக்கு ஆரம்பிக்கணும்? இன்னைக்கே போட்டுறவா?"

"அட்டையோட ஒரு தாள் இருக்குமே, போட்டோ எடுத்து அனுப்பு."

அனுப்பினாள். மாதவிலக்கு தொடங்கிய ஐந்தாம் நாள் முதல், தினமும் ஒன்று என்று போட்டிருந்தது. அவளுக்கு வந்து நின்று நாலைந்து நாள் ஆகியிருந்தது. "இந்த மாசம் அந்த நாள் தப்பிப் போச்சு. அடுத்து வரட்டும், வந்த அஞ்சாம் நாள் ஆரம்பி. முன்னாடியே போட்டுத் தொலைச்சிராதே" என்றேன். அதுவரை புருஷனோடு எப்படி இருக்க வேண்டும் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அக்கா தங்கைக்குள் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் வழக்கமில்லை. "சரிக்கா" என்று சொல்லிவிட்டு அட்டையைப் பவுடர் டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

அதற்குள் ஊரில் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு நாள் சாட்டிவிட்டார்கள். பிள்ளை பிழைத்து, தாயும் பிழைத்ததற்கு அக்கினிச் சட்டி எடுப்பதாக அவள் மாமியார் ஏற்கனவே வேண்டியிருந்தார். மாமியார் வேண்டுவார், மருமகள் எடுக்க வேண்டும். அதுதான் அங்கே நியாயம். நாள் கணக்குப் பார்த்தால் சட்டி எடுக்கும் வாரத்தில்தான் அவளுக்குத் தூரம் வரும். மாமியார் அசரவில்லை. மருந்துக் கடையில் போய்த் தள்ளிப் போடுகிற மாத்திரையை அவரே வாங்கி வந்தார். திருவிழா வந்தால் அந்த மாத்திரை எங்கள் பக்கத்தில் சூடத்தோடும் மஞ்சளோடும் சேர்ந்து வாங்குகிற சாமான்தான். யாரும் கூச்சப்படுவதில்லை, டாக்டரைக் கேட்பதுமில்லை.

தங்கை மறுபடியும் போன் செய்தாள். "அதையும் இதையும் சேத்துப் போடலாமாக்கா?"

"ரெண்டையும் போட்டுக் குழப்பாதே. சட்டி எடுத்து முடி. தள்ளிப் போனது வந்ததும் அஞ்சாம் நாள் அதை ஆரம்பி."

மறுபடியும் ஐந்தாம் நாள். எத்தனை தெளிவாகச் சொல்லியிருக்கிறேன், பாருங்கள்.

காப்புக் கட்டியதிலிருந்து விரதம். சாமிக்கான மாத்திரையை அவள் ஒருவேளைகூட மறக்கவில்லை. மறக்க விடவும் இல்லை. சோறு உண்டாயா என்று கேட்காத மாமியார், மாத்திரை போட்டாயா என்று மூன்று வேளையும் கேட்டார். போட்ட ஒவ்வொரு நாளையும் சுவரிலிருந்த காலண்டர் தாளில் பேனாவால் சுழித்து வைத்திருந்தாள். நான் பிழை பார்த்த காலண்டர்தான் அது. மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக, தணல் தெறிக்கத் தெறிக்கச் சட்டியை ஏந்திக்கொண்டு அவள் வந்தபோது நானும் கும்பிட்டேன். நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் கும்பிட்டேன்.

திருவிழா முடிந்து மாத்திரையை நிறுத்தி நாலு நாள் ஆனது. வரவில்லை. பத்து நாள் ஆனது. "அந்த மாத்திரை போட்டா அப்படித்தான், முன்னப் பின்ன ஆகும்" என்று கம்பெனியில் கூட வேலை பார்க்கிற பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். மாமியாரும் அதையேதான் சொன்னார். நானும் சொன்னேன். எல்லோரும் ஒரே மாதிரி சொல்லும்போது ஒரு பொய்க்கு எவ்வளவு தைரியம் வந்துவிடுகிறது!

"வந்தாத்தானக்கா அஞ்சாம் நாளு வரும்" என்று ஒரு நாள் சிரித்தாள். நானும் சிரித்தேன். வாந்தி வந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

பரிசோதித்துப் பார்த்த நர்சம்மா தலையில் அடித்துக்கொண்டார். அன்று அச்சகத்துக்கு லீவு போட்டுவிட்டு நானும் கூட இருந்தேன். "சட்டி எடுக்கும்போதே உண்டாயிருந்திருக்கு. அட்டை குடுத்தேனே, ஏன் போடலை?"

"அது வரலையேம்மா. வந்த அஞ்சாம் நாள்தானே போடணும்?"

"கர்ப்பம் இல்லைன்னு பாத்துட்டா எந்த நாளும் ஆரம்பிக்கலாமே தாயி. முதல் ஏழு நாளு மட்டும் வேற பாதுகாப்போட இருக்கணும், அம்புட்டுத்தான். தெரியலைன்னா எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல? யாரு உனக்கு அப்படிச் சொன்னது?"

தங்கை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நானாத்தாம்மா நினைச்சுக்கிட்டேன்" என்றாள். நான்தான் சொன்னேன் என்று நர்சம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை நினைத்தால் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

சாத்தூரில் காட்டினோம். டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. வைத்துக்கொண்டால் ஆபத்து உண்டு, மாதாமாதம் கவனமாகப் பார்க்க வேண்டும். வேண்டாமென்றால் சீக்கிரம் சொல்ல வேண்டும், முடிவு அவளுடையது என்றார். அவளுடைய முடிவு! வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கலைக்கிறதா? ஏம்மா, படிச்ச பிள்ளை பேசுற பேச்சா இது? சட்டியேந்தி வந்தவ மடியில ஆத்தா போட்ட பிள்ளை. அதைக் கலைச்சுட்டு இந்தக் குடும்பம் நல்லாருக்குமா?"

"அத்தை, அவ உயிரு..." என்று ஆரம்பித்தேன். "போன தடவை காப்பாத்துன ஆத்தா இந்தத் தடவை காப்பாத்த மாட்டாளா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. போன பிரசவத்தில் ஆஸ்பத்திரி வாசலில் மூன்று நாள் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கிடந்தவர். அவரிடம் நான் எந்தத் தாளை வாசித்துக் காட்ட முடியும்? தங்கையின் புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தங்கையைத் தனியாக அழைத்துக் கேட்டேன். "வச்சுக்கிறேன்க்கா" என்றாள். "நாளைக்கு மூத்ததுக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட, நான் ஆத்தாவுக்குப் பண்ணுன பாவம்னுதான் சொல்லுவாக. நானே அப்படி நினைச்சிருவேன்."

இப்போது ஏழாம் மாதம். கம்பெனிக்குப் போவதில்லை. பழைய தையல் போட்ட இடம் சுருக் சுருக் என்று வலிப்பதாகச் சொல்கிறாள். அச்சகத்தில் அடுத்த வருடக் காலண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. முகூர்த்த நாட்களை ஒன்றுக்கு மூன்று முறை சரிபார்க்கிறேன். பார்த்த தாளை அனுப்ப மனமில்லாமல் மறுபடி பார்க்கிறேன். "என்னக்கா, இம்புட்டு நேரம்?" என்று மெஷின்காரர் சத்தம் போடுகிறார்.

போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். பவுடர் டப்பாவுக்குப் பின்னாலிருந்து அந்த அட்டையை எடுத்து வந்தாள். ஒரு மாத்திரைகூடப் பிரிக்கவில்லை. "இந்தப் பிள்ளை பிறந்த பிறகு இதை என்னைக்கு ஆரம்பிக்கணும்க்கா? ஒரு தாள்ல எழுதிக் குடுத்துரு."

"நர்சம்மாகிட்டக் கேப்போம்" என்றேன்.

"அவுக சொல்றது எனக்கு எங்க வெளங்குது? நீ சொன்னாத்தான் எனக்குப் புரியும்" என்று சொல்லிவிட்டு, பேனாவையும் எடுத்து என் கையில் வைத்தாள்.