ஐந்தரை மணி மெயில்

பல்கலைக்கழகத்தின் மெயில் பிரிவில் வேலை பார்க்கும் அவளை எல்லோரும் தபாலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடிதத்தை மடித்து, உறையில் போட்டு, பசை தடவி, மூட்டை கட்டி அனுப்பிய காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. பசை போய்க் கம்ப்யூட்டர் வந்த பிறகும் பெயர் போகவில்லை. அந்தப் பசை நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இப்போது அனுப்புகிற சமாச்சாரங்களின் நாற்றத்தைத்தான் தாங்க முடியவில்லை என்பாள்.

வேலை என்னவோ கேட்பதற்குச் சுலபம்தான். ஏதாவது ஒரு துறையிலிருந்து வாசகம் வரும். அதைப் பல்கலைக்கழகச் சின்னமும் கையெழுத்தும் உள்ள சட்டத்துக்குள் ஒட்டவேண்டும். முதலாண்டா, விடுதியா, ஆசிரியர்களா, பழைய மாணவர்களா என்று பார்த்து யாருக்குப் போகவேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். முதலில் தனக்கே ஒன்று அனுப்பிச் சரிபார்க்கவேண்டும். இல்லாவிட்டால் 'அன்புள்ள மாணவர் பெயர் அவர்களுக்கு' என்று ஆயிரக்கணக்கான பேருக்குப் போய் மானம் கப்பலேறிவிடும். ஒரு தடவை ஏறியும் இருக்கிறது. கடைசியாக நாளும் மணியும் குறித்துவிட்டால் மெயில் தானே போய்விடும், இவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடிக்கலாம்.

அந்த நாளும் மணியும் குறிப்பதில்தான் இருந்தது அத்தனை அயோக்கியத்தனமும். நல்ல செய்தி என்றால் திங்கட்கிழமை காலை பத்து மணி. கெட்ட செய்தி என்றால் வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை. ஐந்து மணிக்கு அலுவலகம் பூட்டிவிடும், போன் அடித்தால் எடுக்க ஆளிருக்காது. உதவித்தொகை நிறுத்தம், மறுதேர்வு, விடுதியைக் காலி செய்யச் சொல்வது எல்லாமே ஐந்தரைக்குத்தான். இந்த விதியை உண்டாக்கிய மகானுபாவர் துணைப் பதிவாளர்.

"ரெண்டு நாள்ல ஆறிடும்மா" என்பார் அவர். "திங்கக்கிழமை வர்றப்போ பாதிப் பேருக்குக் கோபம் போயிருக்கும். மீதிப் பேருக்கு என்ன கேக்க வந்தோம்னே மறந்திருக்கும்."

சுத்தம் பார்க்கிற மனிதர். நாற்காலியைக் காகிதக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார், போனைத் துடைத்துவிட்டுத்தான் காதில் வைப்பார். துடைத்த காகிதத்தைத் தபாலக்காவின் மேஜையிலேயே கசக்கிப் போட்டுவிட்டுப் போவார். அவர் போன பிறகு அதை இரண்டு விரலால் தூக்கிக் குப்பைக்கூடையில் போடுவது இவளுடைய வேலைகளில் எழுதப்படாத ஒன்று.

அவர் உண்டாக்கிய இன்னொரு விதியும் உண்டு. எந்த மெயிலும் 'மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்றுதான் தொடங்கவேண்டும். 'உங்கள் உதவித்தொகை நிறுத்தப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று ஒருமுறை போனது. அடியில், இந்த முகவரிக்குப் பதில் அனுப்பவேண்டாம் என்றும் இருக்கும். ஆனாலும் அனுப்புவார்கள். அழுவார்கள், திட்டுவார்கள், என்ன செய்வது என்று கேட்பார்கள். அதெல்லாம் வந்து விழுகிற பெட்டியைத் திறந்து காலி செய்வதும் தபாலக்காதான். பழைய மாணவர்களுக்குப் போகும் பிறந்தநாள் வாழ்த்துக்குப் பதிலாக, அப்பா செத்து மூன்று வருஷமாகிறது, இனியாவது நிறுத்துங்கள் என்று பிள்ளைகள் எழுதுவார்கள். படித்துவிட்டுப் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை எடுப்பாள். எடுத்துவிட்டுப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வருவாள்.

இவ்வளவு அருவருப்பு இருந்தும் ஏன் அங்கேயே கிடந்தாள் என்று கேட்டால், வீட்டில் அடுப்பெரிவது அந்த வேலையால்தான். கட்டியவன் போய்ச் சேர்ந்த பிறகு அக்கா வீட்டோடு வந்துவிட்டாள். அக்காவுக்கு ஒரே மகள். பெற்றது அக்கா என்றாலும் தலைவாரி, சோறூட்டி, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதெல்லாம் சித்திதான். 'எங்கம்மா பெரியம்மா மாதிரி, சித்திதான் அம்மா மாதிரி' என்று அந்தப் பெண் சிறுவயதில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது. இப்போது இதே பல்கலைக்கழகத்தில் இரண்டாமாண்டு, பெண்கள் விடுதியில் வாசம். தபாலக்காவின் உயிர் இருந்தது அந்த விடுதியின் இரண்டாவது மாடியில்.

ஒரு புதன்கிழமை காலை பிளம்பர் உள்ளே வந்தான். அவன் வருவதற்கு முன்னாலேயே அவன் சட்டையின் நாற்றம் வந்துவிட்டது.

"அக்கா, ஒரு நோட்டீஸ் அனுப்பணுமாம். உங்ககிட்ட விவரம் சொல்லச் சொன்னாரு துணைப் பதிவாளர்."

"முதல்ல அந்த ஜன்னல் பக்கம் போய் நில்லு. என்ன நோட்டீஸ்?"

"பெண்கள் விடுதி மாடித் தொட்டிக்கு மூடி இல்லாம எத்தனையோ மாசமாச்சு. நானும் சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சுட்டேன். இன்னிக்கு ஏறிப் பாத்தா உள்ள புறா செத்துக் கெடக்குது. ஒண்ணு ரெண்டு இல்ல. ஊறிப்போய், தொட்டாக் கையோட வருது. இறகெல்லாம் பைப்புல அடைச்சுக்கிட்டதாலதான் தண்ணி சரியா வரலன்னே தெரிஞ்சுது."

தபாலக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"அதைத்தானேடா பிள்ளைங்க குடிக்குது! உடனே தொட்டியைக் காலி பண்ணு!"

"பண்ண விடலயே. பல்கலைக்கழகத்துக்குத் தரம் போட மதிப்பீட்டுக் குழு வந்திருக்குல்ல? வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் இங்கதான் இருக்காங்களாம். விடுதியைப் பாக்க வர்றப்போ குழாயில தண்ணி வரலன்னா அசிங்கமாயிடும்ங்கறாரு. அவங்க போனதும் கழுவிக்கலாமாம்."

தண்ணீர் வராவிட்டால் அசிங்கம், புறா மிதந்தால் அசிங்கமில்லை. அந்த மனிதரின் சுத்தம் அவ்வளவுதான்.

நோட்டீஸ் எழுதப்பட்டு ஒவ்வொரு மேஜையாகப் போனது. தபாலக்கா எழுதிய 'செத்த புறாக்கள்' முதல் மேஜையில் 'பறவைகள்' ஆயின. அடுத்த மேஜையில் 'வெளிப்பொருட்கள்' ஆயின. மூன்றாவது மேஜையில் அதுவும் பறந்துபோய், 'குடிநீரின் தரத்தை மேலும் உயர்த்தும் பொருட்டுத் தொட்டி பராமரிப்புப் பணி நடைபெறும் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று பூசி மெழுகித் திரும்பி வந்தது. மேலே நேரம் குறித்திருந்தது. எந்த நேரம் என்று சொல்லவும் வேண்டுமா?

அவள் அதற்கு நாளும் மணியும் குறித்தாள். குறித்த கையோடு பையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். எதிர்க்கடையில் மூடி பிரிக்காத பெரிய தண்ணீர் கேன் ஒன்றை வாங்கி, இடுப்பு முறிய விடுதிக்குத் தூக்கிப்போனாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். அறையில் அவள் வளர்த்த பெண் இருந்தாள், பக்கத்துக் கட்டில் பெண்ணும் இருந்தாள். ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள பெண், எப்போதும் போர்வைக்குள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள்.

தபாலக்கா தன் பெண்ணை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"இனிமே இதைத்தான் குடிக்கணும். பல் தேய்ச்சு வாய் கொப்பளிக்கிறதும் இதுலதான்."

"என்ன சித்தி, நீ பாட்டுக்குக் கேனைத் தூக்கிட்டு வந்து நிக்கறே? குழாய்த் தண்ணிக்கு என்ன?"

"பைப்புல துரு வருதாம். உனக்குத்தான் சும்மாவே வயிறு ஒத்துக்காது."

"சரி, ரெண்டு பேரும் குடிச்சுக்கறோம்."

"அதெல்லாம் வேண்டாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் வரணும். யாருக்கும் குடுக்காதே, உனக்கு மட்டும் வெச்சுக்கோ."

பெண் சிரித்துவிட்டாள். "நீ ஒரு கஞ்சப் பிசினாறி சித்தி" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். தபாலக்கா நிம்மதியாகப் படியிறங்கினாள். வராந்தாவின் கோடியில் இரண்டு பெண்கள் குழாயில் பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அவள் தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். அன்று மாலை பஸ்ஸில் அவளுக்கு மனது உறுத்தியதா என்றால், உறுத்தியது. ஆனால் யோசிக்கும்போதெல்லாம் துணைப் பதிவாளரின் முகம்தான் வந்தது. அந்த ஆளை மனதுக்குள் திட்டியதிலேயே அவளுக்குப் பாதி உறுத்தல் அடங்கிவிட்டது.

வியாழக்கிழமை காலை மருத்துவ மையத்திலிருந்து ஒரு வாசகம் வந்து காத்திருந்தது. அவசரம், உடனே அனுப்பவும் என்று போட்டிருந்தது. 'பெண்கள் விடுதியில் சிலருக்குப் பருவகால வயிற்றுக்கோளாறு காணப்படுகிறது. அச்சப்படத் தேவையில்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். கைகளை நன்றாகக் கழுவவும். அடிக்கடி நிறையத் தண்ணீர் குடிக்கவும்.'

அந்தக் கடைசி வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். எழுந்து கையைக் கழுவ வாஷ்பேசினுக்குப் போனாள். குழாயைத் திறக்கப் போன கை அப்படியே நின்றது. கட்டடம் வேறு, தொட்டி வேறு என்று தெரிந்தும் திறக்க மனம் வரவில்லை. இத்தனை வருஷமாக இந்தக் கையால் என்னென்ன கண்றாவியை எல்லாம் அனுப்பியிருக்கிறோம், இதையும் அனுப்பினால் நாமும் அந்தத் தொட்டியில் கிடக்கிறதும் ஒன்றுதான் என்று நினைத்தாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தவள் சட்டத்திலிருந்த மகிழ்ச்சியை அழித்தாள். பிறகு தட்டினாள்.

'பெண்கள் விடுதியின் மாடித் தொட்டியில் செத்த புறாக்கள் கிடக்கின்றன. அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், அதில் வாய் கொப்பளிக்காதீர்கள். வயிற்றுக்கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் புறா விஷயத்தைச் சொல்லுங்கள். நிர்வாகத்துக்கு இது நேற்றுக் காலையிலிருந்தே தெரியும்.'

கடைசி வரியைத் தட்டும்போது அவளுக்கு அப்படி ஒரு திருப்தி. மாட்டிக்கொள்ளட்டும் அந்தத் துடைக்கிற மனிதர். 'அனைவரும்' என்ற பட்டியலைத் தேர்ந்தெடுத்தாள். மதிப்பீட்டுக் குழுவினரும் அதில் இருந்தார்கள். நம்முடைய நல்ல செய்திகள் அவர்கள் கண்ணிலும் படட்டும் என்று துணைப் பதிவாளர்தான் போன வாரம் சேர்க்கச் சொல்லியிருந்தார். தனக்கு ஒன்று அனுப்பிச் சரிபார்க்கவில்லை, நேரமும் குறிக்கவில்லை. அந்த நிமிஷமே அனுப்பினாள்.

கட்டடத்தில் இருந்த போன்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அலற ஆரம்பித்தன. துணைப் பதிவாளர் ஓடிவந்தார். நாற்காலியைத் துடைக்க மறந்து உட்கார்ந்தார்.

"யாரைக் கேட்டு அனுப்புனீங்க?"

"யாரையும் கேக்கல சார்."

"உங்க வேலை என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் சார். பிள்ளைங்க குடிச்சிட்டிருக்காங்க."

அவருடைய போன் அடித்தது, எழுந்து போனார். தபாலக்கா மேஜை இழுப்பறையைத் திறந்து தன் சாமான்களை எடுத்துப் பையில் வைத்தாள். ஒரு டம்ளர், ஒரு குடை, அக்கா மகளின் சின்ன வயசுப் படம். அக்காவிடம் என்ன சொல்வது, அடுத்த மாதம் எப்படி ஓட்டுவது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆனாலும் வெகுநாளைக்குப் பிறகு கையைக் கழுவவேண்டும் என்று தோன்றவில்லை.

சாயங்காலம் நாலரைக்கு அவர் மறுபடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பையை ஏம்மா கட்டி வெச்சிருக்கீங்க? குழுத் தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? தாமதத்தைக்கூட ஒளிக்காம நீங்களே ஒத்துக்கிட்டீங்களேன்னு என் கையைப் புடிச்சுக் குலுக்கினாரும்மா! இவ்வளவு வெளிப்படையான நிர்வாகத்தை அவர் பாத்ததே இல்லையாம். தொட்டியைக் கழுவ இப்பவே ஆள் ஏத்தியாச்சு. இந்தாங்க, இதை அனுப்பிடுங்க."

'மாணவியர் நலனில் நிர்வாகம் காட்டிய உடனடி அக்கறையை மதிப்பீட்டுக் குழு பாராட்டியுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

"திங்கக்கிழமை பத்து மணிக்கா சார்?" என்றாள்.

"சேச்சே, சூடு ஆறிடும். இன்னிக்கே அனுப்புங்க. ஐந்தரைக்கு."

சீ என்று எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. வேலை போகவில்லை என்ற நிம்மதி அவளை உட்கார வைத்துவிட்டது. சட்டத்தில் மகிழ்ச்சியைத் திரும்ப ஒட்டி, ஐந்தரை என்று குறித்துவிட்டுப் பையிலிருந்த சாமான்களை இழுப்பறைக்குள்ளேயே திரும்ப வைத்தாள்.

நேரே விடுதிக்குப் போனாள். மனதுக்குள் ஒரு ஆசை இருந்தது, பொய் சொல்வானேன். அந்த மெயிலை அனுப்பியது யாரென்று பெண்ணுக்குத் தெரிந்திருக்கும், ஓடிவந்து கட்டிக்கொள்ளும் என்று நினைத்தாள். மாடியில் ஆட்கள் தொட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். நாற்றம் வாசல் வரை வந்தது.

பெண் கீழே வந்தாள். கையில் அந்தக் கேன் இருந்தது. கண் வீங்கியிருந்தது.

"பக்கத்துக் கட்டில் பொண்ணுக்கு டிரிப்ஸ் ஏத்திட்டிருக்காங்க சித்தி. ராத்திரி பூரா வாந்தி. எந்திரிச்சு நிக்க முடியல அவளால."

"ஐயையோ, இப்ப எப்படிம்மா இருக்கா? நான்தான்மா காலையில அந்த மெயிலை..."

"தெரியும். நேத்துக் காலையிலிருந்தே தெரியும்னு அதுல போட்டிருந்துச்சு. நீ கேனைத் தூக்கிட்டு வந்தது நேத்து மத்தியானம்."

அந்த வரியில் தானும் இருப்பது இப்போதுதான் தபாலக்காவுக்கு உறைத்தது.

அந்த நேரம் பார்த்து இரண்டு பேருடைய போனும் ஒன்றாகக் கிணுகிணுத்தன. வாசலில் நின்றிருந்த மற்றப் பெண்களின் போன்களும் கிணுகிணுத்தன. பெண் எடுத்துப் படித்தாள். பாராட்டியுள்ளது என்ற வார்த்தை வரை உதடு அசைந்தது, பிறகு அசையவில்லை.

"இதுவும் நீ அனுப்புனதா?"

"ஆமா."

பெண் கேனை நீட்டினாள்.

"ராத்திரி அவ வாய் கசக்குதுன்னு இதுல ஒரு டம்ளர் கேட்டா சித்தி. துருதானே, குழாயிலயே குடி, செத்தா போயிடுவேன்னு சொன்னேன். நீ யாருக்கும் குடுக்காதேன்னியே."

அவள் உள்ளே திரும்பிப் போய்விட்டாள். தபாலக்கா கேனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது.